விளக்கப் பலகையும் வரலாற்றுச் சான்றும்: 1903ஆம் ஆண்டு வானூர்திகள் இரண்டின் காட்சியக ஆவணங்கள் பற்றிய ஓர் ஆய்வு

முன்னுரை

கல்வெட்டு ஒன்றனைக் கண்ட ஆராய்ச்சியாளர் அதன்கண் எழுதியிருப்பதனை அவ்வாறே வரலாறு எனக் கொள்வதில்லை. அதனைப் பொறிப்பித்தவர் யாவர், எக்காலத்துப் பொறிக்கப்பட்டது, கூறப்படும் நிகழ்ச்சிக்கும் பொறித்த காலத்திற்கும் இடையீடு எத்துணை என்னும் வினாக்களை எழுப்பி, விடை கண்ட பின்னரே அதனைச் சான்றாகக் கொள்வர். மெய்க்கீர்த்தி வேந்தனின் புகழ் பாட எழுந்தது. ஆதலின் அது கூறும் செய்திகளைப் பிற சான்றுகளோடு ஒப்புநோக்குதல் வேண்டும் என்பது வரலாற்று அறிஞர் யாவரும் ஒப்பிய முறையாகும்.

ஆயின் அறிவியற் காட்சியகம் ஒன்றனுள் நுழையும்பொழுது இம்முறையினை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகின்றோம். ஆண்டுக் கட்டுரைகளையும் செப்பேடுகளையும் ஐயுற்று ஆராயும் நாமே, பொறியொன்றன் அருகில் நிற்கும் விளக்கப் பலகையினைப் படித்தவுடன் அதனை உண்மை என்று நம்பிவிடுகின்றோம். பொருள் கண்ணெதிரே நிற்கின்றது. இரும்பும் மரமும் பொய் கூறா. எனவே பலகையும் பொய் கூறாது என்று நம் மனம் கருதிவிடுகின்றது. பொருள் வேறு, பொருளைப் பற்றிய உரை வேறு என்பது அப்பொழுது நம் நினைவிற்கு வருவதில்லை.

காட்சிப் பொருளின் வரலாறு அப்பொருளில் மட்டும் அடங்கியதன்று. அதனைச் சார்ந்த கடிதங்கள், நாட்குறிப்புகள், நிழற்படங்கள், பழுதுபார்த்த குறிப்புகள், கைம்மாறிய உடன்படிக்கைகள் ஆகிய ஆவணங்களிலேயே அது பெரிதும் தங்கியுள்ளது என்பதும், விளக்கப் பலகையும் அவ்வாவணங்களுள் ஒன்றாக வைத்து ஆராயத்தக்கதே என்பதும் இக்கட்டுரையில் யாம் நிறுவ முயலும் கருத்தாகும். இதற்கு அமெரிக்க நாட்டின் ஸ்மித்சோனியன் நிறுவனத்திலும் இலண்டன் அறிவியற் காட்சியகத்திலும் வைக்கப்பெற்ற இரண்டு வானூர்திகளின் வரலாற்றினை எடுத்துக்கொள்கின்றோம். ஒரு பலகையில் எழுதப்பட்ட சில சொற்களால் ஒரு நாடு தன் தலைசிறந்த அறிவியற் செல்வத்தினை இருபது ஆண்டுக் காலம் இழந்திருந்த வரலாறு அது.

இரண்டு ஊர்திகள்

ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் தலைவர் செயலர் என்னும் பெயரால் வழங்கப்பெறுவர். 1887 முதல் 1906 வரை அப்பதவியில் இருந்தவர் சாமுவேல் பியர்பாண்ட் லாங்லி என்னும் வானியல் அறிஞர். அவர் நீராவியால் இயங்கும் ஆளில்லாச் சிறு வானூர்திகளைச் செய்து பார்த்தார். அவற்றுள் ஐந்தாம் எண் ஊர்தி 1896ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் பொட்டோமாக் ஆற்றின்மேல் ஏறத்தாழ 3,300 அடி தொலைவு பறந்தது. தொலைபேசியினைக் கண்டறிந்த அலெக்சாந்தர் கிரகாம் பெல் உடனிருந்து அதனைப் பார்த்து நிழற்படமும் எடுத்தார். எனவே அவ்வெற்றி ஐயத்திற்கு இடமில்லாதது.

இதன் பயனாக 1898ஆம் ஆண்டில் அமெரிக்கப் போர்த்துறை, ஆள் ஏறிச் செல்லும் ஊர்தியொன்று செய்யுமாறு லாங்லிக்கு 50,000 டாலர் வழங்கியது. அவ்வாறு செய்யப்பெற்ற பேரூர்தியின் பொறி 52 குதிரை ஆற்றல் உடையது. அக்காலத்து வானூர்திப் பொறிகளுள் அதற்கு நிகரானது பிறிதில்லை. ஆயின் ஊர்தி பறக்கவில்லை. 1903ஆம் ஆண்டு அக்டோபர் 7ஆம் நாளும் டிசம்பர் 8ஆம் நாளும், ஆற்றில் நின்ற படகு வீட்டின் மேலிருந்து அதனைச் செலுத்தினர். இருமுறையும் அது நீரில் வீழ்ந்தது. அதனைச் செலுத்திய சார்லஸ் மேன்லி இருமுறையும் நீரிலிருந்து மீட்கப்பெற்றார். செய்தித்தாள்கள் லாங்லியை எள்ளி நகையாடின. அவர் 1906இல் மறைந்தார்.

இரண்டாம் வீழ்ச்சி நிகழ்ந்த ஒன்பதாம் நாள், 1903 டிசம்பர் 17 அன்று, வட கரோலினா மாநிலத்துக் கிட்டி ஹாக் என்னும் ஊரை அடுத்த மணற்குன்றுகளில் வில்பர் ரைட், ஆர்வில் ரைட் என்னும் உடன்பிறந்தார் இருவர் தம் ஊர்தியில் நான்கு முறை பறந்தனர். அவ்வூர்தியின் பொறி ஏறத்தாழ 12 குதிரை ஆற்றலே உடையது. ஆர்வில் செலுத்திய முதற் பறப்பு 12 நொடியில் ஏறத்தாழ 120 அடியும், வில்பர் செலுத்திய நான்காம் பறப்பு 59 நொடியில் 852 அடியும் சென்றன. நான்காம் பறப்பிற்குப் பின்னர் வலிய காற்று ஒன்று நின்றிருந்த ஊர்தியைப் புரட்டிச் சிதைத்தது. அது மீண்டும் பறக்கவேயில்லை.

இவ்விரு திறத்தார்க்கும் தொடக்கத்திற் பகை எதுவும் இல்லை என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது. 1899ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் வில்பர் ரைட் ஸ்மித்சோனியன் நிறுவனத்திற்கு ஒரு கடிதம் எழுதி, பறத்தல் பற்றிய நூல்களையும் நூற்பட்டியலையும் வேண்டினார். நிறுவனத்தார் வெளியீடுகள் சிலவற்றையும் பட்டியலையும் அனுப்பி உதவினர். மிதிவண்டிக் கடைக்காரர் ஒருவர் எழுதிய அக்கடிதம் அழியாது காக்கப்பெற்றமையே ஆவணக் காப்பகம் ஒன்றன் பயனை உணர்த்தப் போதுமானதாகும்.

1903ஆம் ஆண்டின் சான்றுகள்

ரைட் உடன்பிறந்தாரின் பறப்பினை நிறுவும் சான்றுகள் யாவை என்பதனை அடுத்து ஆராய்வாம். அவற்றுள் முதன்மையானது ஆர்வில் அன்றே எழுதிய நாட்குறிப்பு. முதற் பறப்பின் காலம் ஏறத்தாழ 12 நொடி என்று எழுதிய அவர், காலக்கருவியினை உடனே நிறுத்தாமையால் அது திட்டமாகத் தெரியவில்லை என்பதனையும் உடனெழுதியுள்ளார். தமக்குப் புகழ் தரும் நிகழ்ச்சியினை எழுதுங்காலும் தம் அளவையின் குறைபாட்டினை மறையாது எழுதிய இக்குறிப்பு, உண்மைச் சான்றின் இலக்கணம் இன்னது என்பதற்கு எடுத்துக்காட்டாகும்.

இரண்டாவது சான்று தந்தி. அன்று மாலையே தம் தந்தையார்க்கு ஆர்வில் தந்தி அனுப்பினார். வந்து சேர்ந்த தந்தியில் நெடிய பறப்பின் காலம் 59 நொடி என்பதற்கு மாறாக 57 நொடி என்று உள்ளது. அனுப்பியவரின் பெயரும் எழுத்துப் பிழையோடு காணப்படுகின்றது. தந்தி ஒன்றே எஞ்சியிருந்து நாட்குறிப்பு மறைந்திருக்குமாயின், 57 என்பதே வரலாறாக நிலைத்திருக்கும். ஏடெழுதுவோர் பிழை நம் நூல்களிற் புகுந்தவாறே, தந்தி அடிப்போர் பிழையும் ஆவணத்திற் புகும் என்பதனை இதனால் அறிகின்றோம். ஒரே நிகழ்ச்சிக்குரிய இரண்டு ஆவணங்களை ஒப்புநோக்கியபொழுதே உண்மைப் பாடம் எதுவென்பது புலனாகும்.

மூன்றாவது சான்று நிழற்படம். ஆர்வில் முன்னரே நிலைப்படுத்தி வைத்த கருவியினை, உயிர்காப்பு நிலையத்தைச் சேர்ந்த ஜான் டேனியல்ஸ் என்பவர் இயக்கினார். ஊர்தி தரையினின்று எழுந்த நிலையும் வில்பர் அதன் பக்கத்தே நிற்கும் நிலையும் கண்ணாடித் தகட்டிற் பதிந்தன. 1913ஆம் ஆண்டு டேடன் நகரத்தில் பெருவெள்ளம் புகுந்தபொழுது அவர்தம் தகடுகள் பலவும் நீரில் மூழ்கின. இத்தகடும் மூலையில் பழுதுற்றதேனும் படம் தப்பியது. பெட்டிகளில் அடைத்து வைத்திருந்த ஊர்தியும் அவ்வெள்ளத்தில் நாள் பல சேற்றிற் கிடந்து மீண்டது. பறப்பினை நேரிற் கண்ட உள்ளூரார் ஐவர் இருந்தமை நான்காம் சான்றாகும்.

நாட்குறிப்பு, தந்தி, நிழற்படம், கண்டோர் கூற்று ஆகிய நான்கும் தம்முள் தொடர்பின்றித் தோன்றி ஒரே செய்தியினை உரைக்கின்றன. இவற்றுள் எதுவும் காட்சியகத்திற்கென எழுதப்பட்டதன்று.

பலகை எழுந்த வரலாறு

1907 முதல் 1927 வரை ஸ்மித்சோனியன் செயலராக இருந்தவர் சார்லஸ் வால்காட். அவர் லாங்லியின் நண்பர். அவர்தம் பெயருக்கு நேர்ந்த இழுக்கினைத் துடைத்தல் தம் கடன் எனக் கருதியவர். 1910ஆம் ஆண்டில் அவர் ரைட் உடன்பிறந்தாரிடம் காட்சிக்கு ஓர் ஊர்தி வேண்டினார். 1903ஆம் ஆண்டு ஊர்தியினைச் செப்பஞ்செய்து தருதலும் கூடும் என்று வில்பர் எழுதினார். வால்காட்டோ பிற்கால ஊர்தி ஒன்றனையும் சிறு மாதிரிகளையுமே விரும்பினார். முதலூர்தி வேண்டப்படவில்லை என்று உடன்பிறந்தார் உணர்ந்தனர். வில்பர் 1912இல் காலமானார்; பின்னை நிகழ்ந்தவற்றை ஆர்வில் தனித்தே எதிர்கொண்டார்.

இந்நிலையில் வழக்கொன்று குறுக்கிட்டது. வானூர்தியைக் கட்டுப்படுத்தும் முறைக்கு ரைட் உடன்பிறந்தார் 1906ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றிருந்தனர். அவ்வுரிமையினை மீறினார் என்று அவர்கள் கிளென் கர்ட்டிஸ் என்னும் ஊர்தி செய்வோர்மேல் தொடர்ந்த வழக்கில், 1914 சனவரியில் மேல்முறையீட்டு மன்றம் ரைட் பக்கமே தீர்ப்பளித்தது. ரைட்டுக்கு முன்னரே பறக்கவல்ல ஊர்தி ஒன்று இருந்தது என்று காட்டினால் அக்காப்புரிமையின் வலி குறையும் என்பது கர்ட்டிஸுக்குத் தெரிந்ததே. லாங்லியின் ஊர்தியைப் பறக்கச் செய்தல் வால்காட்டின் விருப்பம். அதுவே கர்ட்டிஸுக்குப் பயன் தருவதுமாயிற்று. அவ்வாண்டே ஸ்மித்சோனியன் நிறுவனம் லாங்லியின் ஊர்தியைக் கர்ட்டிஸிடம் ஒப்படைத்து, 2,000 டாலரும் தந்து, அதனைப் பறக்கவிட்டுச் சோதிக்குமாறு கேட்டது. சோதனையினை மேற்பார்வையிட்ட ஆல்பர்ட் ஜாம் என்பவரோ முன்னர் அவ்வழக்கில் கர்ட்டிஸின் சார்பில் வல்லுநர் சான்று கூறியவர்.

நியூயார்க் மாநிலத்து ஹாமண்ட்ஸ்போர்ட் என்னும் ஊரில், கியூக்கா ஏரியின்மேல், 1914 மே 28ஆம் நாள் அவ்வூர்தி ஏறத்தாழ 150 அடி எழுந்து சென்றது. அதன் பின்னர்ப் பிறிதொரு பொறியினைப் பொருத்தியும் பறக்கவிட்டனர். லாங்லியின் ஊர்தி பெரிதும் மாற்றம் பெறாமலே பறந்தது என்னும் பொருள்பட நிறுவனத்தின் ஆண்டறிக்கை எழுதப்பட்டது. பின்னர் ஊர்தியினை மீண்டும் 1903ஆம் ஆண்டு வடிவிற்கே மாற்றியமைத்து, 1918ஆம் ஆண்டில் காட்சிக்கு வைத்தனர். ஆள் ஏந்தி நீடித்துப் பறக்கவல்ல முதல் வானூர்தி உலக வரலாற்றில் இதுவே என்று அதன் பலகை கூறிற்று. 1914இல் ஹாமண்ட்ஸ்போர்ட்டில் வெற்றியுடன் பறந்தது என்றும் உடனுரைத்தது.

இப்பலகையினை நுணுகி நோக்குக. பறந்தது 1914ஆம் ஆண்டின் ஊர்தி; காட்சியில் தொங்கியதோ 1903ஆம் ஆண்டின் வடிவம். மாற்றங்கள் செய்யப்பட்டபொழுது பறந்தது. மாற்றங்கள் நீக்கப்பட்ட பின்னர்ப் பறந்ததாகப் போற்றப்பட்டது. நூற்பதிப்பு முறையில் இதற்கொப்பான ஒன்றனைக் கூறுவதாயின், ஏடொன்றில் இடைச்செருகலைப் புகுத்தி, அதனாற் பொருள் விளக்கமுற்றதெனக் காட்டி, பின்னர் அவ்விடைச்செருகலை அகற்றிவிட்டு, மூலமே விளக்கமானது என்று முன்னுரை எழுதுதல் போலும் இது.

'பறக்கவல்ல' என்னும் சொல்லும் ஆராயத்தக்கது. பறந்தது என்று பலகை கூறவில்லை. பறக்கவல்லது என்றே கூறிற்று. நிகழ்ந்ததனைக் கூறாது நிகழக்கூடியதனைக் கூறுதலால், 1903ஆம் ஆண்டில் ஆற்றில் வீழ்ந்த இரண்டு வீழ்ச்சிகளும் படிப்போர் நினைவினின்று மறைந்தன. எழுதியவர்க்கு ஆவணங்கள் தெரியாமல் இல்லை; அவை அந்நிறுவனத்திலேயே இருந்தன.

இலண்டனுக்குச் சென்ற ஊர்தி

ஆர்வில் 1916ஆம் ஆண்டில் தம் முதலூர்தியினைப் பெட்டிகளினின்றும் எடுத்துச் செப்பஞ்செய்து, மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் புதுக் கட்டடத் திறப்பு விழாவிற் காட்டினார். ஸ்மித்சோனியன் பலகை பற்றிய அவர்தம் மறுப்பு நெடுநாள் செவிமடுக்கப்படவில்லை. 1921ஆம் ஆண்டில் கிரிபித் புரூவர் என்னும் ஆங்கிலேயர் இலண்டன் அரச வானூர்திக் கழகத்தில் ஆற்றிய உரையில், 1914ஆம் ஆண்டுச் சோதனைக்கு முன் செய்யப்பட்ட மாற்றங்களை விரித்துக் கூறினார். 1925ஆம் ஆண்டில் ஆர்வில், ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் வேந்தராகவும் நாட்டின் தலைமை நீதிபதியாகவும் விளங்கிய வில்லியம் டாப்ட்டுக்கு எழுதி, நடுநிலையான ஆராய்ச்சி நடத்துமாறு வேண்டினார். நீதிமன்றப் பணியால் தமக்கு நேரமில்லை என்று டாப்ட் விடையிறுத்தார்.

அவ்வாண்டே ஆர்வில் தம் ஊர்தியினை இலண்டன் அறிவியற் காட்சியகத்திற்கு அனுப்பப்போவதாக அறிவித்தார். பழுதுற்ற இறக்கைத் துணிகளை மாற்றிச் செம்மைசெய்து, 1928ஆம் ஆண்டு தொடக்கத்திற் கப்பலேற்றினார். அவ்வாண்டு மார்ச்சுத் திங்கள் முதல் அது இலண்டனில் மக்கள் காட்சிக்கு வந்தது. உலகில் முதன்முதற் பறந்த ஊர்தி அது தோன்றிய நாட்டில் இடம்பெறாது அயல்நாட்டிற் குடிபுகுந்தது. ஆர்வில் வேண்டியது பொருளும் அன்று, பட்டமும் அன்று. பலகையில் எழுதப்பட்ட சொற்கள் உண்மையொடு பொருந்துதல் வேண்டும் என்பது ஒன்றே அவர் வேண்டியது.

1928இல் சார்லஸ் ஆபட் செயலராயினார். அவர் பலகையின் சொற்களைக் குறைத்து எழுதினார். ஆயினும் 1914ஆம் ஆண்டு அறிக்கையினைத் திருத்தி வெளியிடவில்லை. பலகையைத் திருத்துதல் எளிது. பலகைக்கு அடிப்படையாகிய ஆவணத்தைத் திருத்துதலே அரிது. ஆர்வில் பலகை மாற்றத்தோடு மனநிறைவு கொள்ளாமைக்குக் காரணம் இதுவே எனத் துணியலாம். அறிக்கை நூலகந்தோறும் நிலைத்து நிற்கப் பலகையை மட்டும் மாற்றினால், வருங்கால ஆராய்ச்சியாளர் அறிக்கையினைக் கொண்டே மீண்டும் பழைய பலகையை எழுதிவிடுவர்.

1942ஆம் ஆண்டு வெளியீடு

1942ஆம் ஆண்டு அக்டோபரில் ஆபட், 1914ஆம் ஆண்டுச் சோதனைகள் பற்றிய சிறு வெளியீடு ஒன்றனை ஸ்மித்சோனியன் வரிசையில் வெளியிட்டார். காட்சியக வரலாற்றில் இது தனிச்சிறப்புடைய ஆவணம் என்பது எம் கருத்து. அதன்கண் இரண்டு நிரல்கள் எதிரெதிரே அமைந்துள்ளன. ஒன்றில் 1903ஆம் ஆண்டு லாங்லி ஊர்தியின் அமைப்பும், மற்றொன்றில் 1914ஆம் ஆண்டு ஹாமண்ட்ஸ்போர்ட் ஊர்தியின் அமைப்பும் உறுப்பு உறுப்பாக ஒப்பிட்டுக் காட்டப்பட்டுள்ளன. ஒப்பீட்டினைச் செய்தவர் ஆர்வில் ரைட்டே. இறக்கைகளின் வளைவு மாற்றப்பட்டமை, இறக்கைகளைத் தாங்கும் கம்பிக்குரிய நிலைக்கால்கள் இடம்பெயர்க்கப்பட்டமை, கட்டுப்படுத்தும் அமைப்பு மாற்றப்பட்டமை, நீரில் மிதக்கும் மிதவைகள் சேர்க்கப்பட்டமை முதலியன அந்நிரல்களில் வரிசையாக விளங்குகின்றன.

இவற்றுள் நிலைக்கால் பற்றிய மாற்றம் சிறிதாகத் தோன்றினும் பெரிது. 1903ஆம் ஆண்டு ஊர்தி வீழ்ந்தமைக்குக் காரணம் அதனைச் செலுத்திய கருவியில் சிக்கியமையே என்று லாங்லியின் சார்பினர் கூறிவந்தனர். இறக்கைகள் தம் சுமையைத் தாங்கமாட்டாமையே காரணம் என்பது ஆர்வில் கருத்து. 1914இல் இறக்கைகளைத் தாங்கும் அமைப்பையே மாற்றிய பின்னர்ப் பறக்கவிட்டமையால், முன்னைய கூற்று அச்சோதனையால் நிறுவப்பட்டதாகாது. எந்த ஐயத்தைத் தீர்க்கச் சோதனை நடந்ததோ, அவ்வையத்திற்குரிய உறுப்பே மாற்றப்பட்டது என்க.

நம் பழைய நூல்களைப் பதிப்பித்த சான்றோர் ஏடுகளின் பாடவேறுபாடுகளை அடிக்குறிப்பில் நிரல்படத் தந்து, கற்போர் தாமே தெளியுமாறு செய்தனர். டாக்டர் உ. வே. சாமிநாதையர் பதிப்புகளிற் பயின்றோர்க்கு இது புதிதன்று. 1942ஆம் ஆண்டு வெளியீடு ஓர் ஊர்தியின் இரண்டு பாடங்களை அவ்வாறே எதிரெதிர் வைத்தது. வாதமும் வசையும் இருபத்தெட்டு ஆண்டுகளில் தீர்க்காத பூசலை ஒப்புமைப் பட்டியல் ஒன்று தீர்த்துவைத்தது.

அவ்வெளியீட்டில் ஆபட், ரைட் வழக்கில் தோல்வியுற்ற எதிர்வழக்காடியையே சோதனை செய்ய அமர்த்தியமைக்கும், செய்யப்பட்ட மாற்றங்களை அறிக்கைகள் கூறாது விட்டமைக்கும் நிறுவனத்தின் சார்பில் வருத்தம் தெரிவித்தார். தன் முன்னோர் எழுதியதனைத் தன் பெயராலேயே மறுத்தெழுதும் துணிவு ஒரு நிறுவனத்திற்கு எளிதில் வாய்ப்பதன்று. காலம் தாழ்ந்து வந்ததேனும் அத்துணிவு போற்றத்தக்கதே.

1948ஆம் ஆண்டு உடன்படிக்கை

1937ஆம் ஆண்டு உயிலில் ஆர்வில், தாம் பிறிதொரு கடிதத்தால் மாற்றினாலன்றி ஊர்தி இலண்டனிலேயே இருத்தல் வேண்டும் என்று எழுதியிருந்தார். 1942ஆம் ஆண்டு வெளியீட்டிற்குப் பின் அவர் மனம் மாறினார். 1943 டிசம்பர் 8ஆம் நாள், அஃதாவது லாங்லி ஊர்தி இரண்டாம் முறை வீழ்ந்து நாற்பது ஆண்டுகள் நிறைந்த அந்நாளில், இலண்டன் காட்சியகத்திற்கு எழுதி, போர் முடிந்தபின் ஊர்தியினைத் திருப்பித் தருமாறு வேண்டினார். 1948 சனவரி 30ஆம் நாள் அவர் மறைந்தபொழுது ஊர்தி இங்கிலாந்திலேயே இருந்தது. அவ்வொரு கடிதம் கிடைத்திராவிடின் உயிலின்படி ஊர்தி இலண்டனிலேயே தங்கியிருக்கும். கோப்பில் இருந்த கடிதம் ஒன்று ஊர்தியினைக் கடல் கடத்திக் கொணர்ந்தது எனலாம்.

இலண்டன் காட்சியகத்திற்கென டி ஹாவிலாண்டு வானூர்தித் தொழிற்பள்ளி மாணவர் 1948இல் ஒரு படியினைச் செய்தளித்தனர். மூல ஊர்தி அவ்வாண்டு இறுதியில் அமெரிக்கா சென்று, பறப்பின் நாற்பத்தைந்தாம் ஆண்டு நிறைவாகிய டிசம்பர் 17ஆம் நாள் வாஷிங்டனிற் காட்சிக்கு வைக்கப்பெற்றது.

ஊர்தி கைம்மாறிய உடன்படிக்கை 1948 நவம்பர் 23ஆம் நாளுக்குரியது. விலை 1 டாலர். ஆயின் அதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. 1903ஆம் ஆண்டு ரைட் ஊர்திக்கு முற்பட்ட எவ்வூர்தியும் ஆளை ஏந்தித் தன்னாற்றலால் கட்டுப்பாட்டுடன் பறக்கவல்லதாக இருந்தது என்று ஸ்மித்சோனியன் நிறுவனமோ அதன் வழிவருவனவோ பலகையிலும் வெளியீட்டிலும் கூறுதல் கூடாது. கூறின் ஊர்தி மரபுரிமையர்க்கு மீண்டுவிடும். இவ்வுடன்படிக்கை 1970களிலேயே பொதுமக்கள் பார்வைக்கு வந்தது. ரைட்டுக்கு முன் 1901இல் கஸ்டவ் ஒயிட்ஹெட் என்பவர் பறந்தார் எனக் கருதுவோர், நிறுவனத்தின் வாய் பொருளாற் கட்டப்பட்டது என்று குறை கூறினர். 2013ஆம் ஆண்டில் ஜேன்ஸ் வானூர்தி ஆண்டுநூலின் முன்னுரை ஒயிட்ஹெட்டுக்கு முதன்மை தந்தபொழுது இவ்வுடன்படிக்கை மீண்டும் பேசப்பட்டது. 2015இல் அந்நூலின் வெளியீட்டார் அக்கருத்து ஆசிரியருடையதே அன்றித் தம்முடையதன்று என அறிவித்தனர்.

இக்கட்டுப்பாட்டினை எவ்வாறு மதிப்பிடுவது? பிழையான பலகை ஒன்றனால் நெடுங்காலம் துன்புற்றோர், அத்தகைய பலகை மீண்டும் எழாவண்ணம் வேலி கட்டினர் என்பது உண்மை. அவ்வேலியின் காரணத்தினை மேற்கூறிய வரலாறே விளக்குகின்றது. ஆயினும் வரலாற்று உண்மையினை உடன்படிக்கையாற் காத்தல் இயலாது என்பதே எம் துணிபு. ரைட் பறந்தனர் என்பதற்குச் சான்று நாட்குறிப்பும் நிழற்படமும் கண்டோர் கூற்றுமே. உடன்படிக்கை அவற்றோடு எதனையும் கூட்டுவதில்லை, அவற்றினின்று எதனையும் குறைப்பதுமில்லை. ஒயிட்ஹெட் பறப்பிற்கு அத்தகைய நிழற்படச் சான்று கிடையாமையால்தான் அக்கொள்கை நிலைபெறவில்லை. மாறாகக் கட்டுப்பாடு, உண்மையான பலகையினையும் ஐயத்திற்கு உள்ளாக்கியது. உண்மை கூறுவோன் வேறு கூறும் உரிமை இல்லாதவனாயின், அவன் கூறும் உண்மையினையும் பிறர் ஐயுறுவர் அன்றோ? 1918ஆம் ஆண்டுப் பலகை நண்பர் அன்பினால் வழுவியது. 1948ஆம் ஆண்டுப் பலகை உண்மையே கூறினும் கட்டுண்டு கூறியது. இரண்டினையும் ஆவணங்களொடு வைத்தே படித்தல் வேண்டும்.

பொருளும் மாறும்

ரைட் ஊர்தி மட்டும் 1903இல் இருந்தவாறே உள்ளதோ எனின், அன்று. காற்று புரட்டியமையாலும் வெள்ளத்தாலும் சிதைந்த உறுப்புகள் 1916இற் புதுப்பிக்கப்பட்டன. பொறியின் வணரித்தண்டும் விசையாழியும் 1906இல் நியூயார்க் காட்சி ஒன்றற்கு அனுப்பப்பட்டு மீளவில்லை. இறக்கைத் துணி 1920களில் புதிதாக இடப்பட்டது. அதுவும் 1985ஆம் ஆண்டுச் செப்பத்தின்பொழுது மாற்றப்பட்டது. எனவே இன்று வாஷிங்டனிற் காண்போர் கண்ணிற்படும் துணி கிட்டி ஹாக்கின் காற்றிற் பறந்ததன்று. முதல் துணியின் சிறு துண்டுகள் தனியே காக்கப்பெற்றன. அவற்றுள் ஒன்று 1969இல் அப்போலோ 11 பயணத்தில் நிலவிற்குச் சென்று மீண்டது.

இதனால் அவ்வூர்தி மெய்ம்மை குன்றியது எனக் கருதுதல் பொருந்தாது. எது மூலம், எது பின்னர்ச் சேர்ந்தது, எப்பொழுது, எவராற் சேர்ந்தது என்பன எழுதிவைக்கப்பட்டமையின் அம்மாற்றங்கள் எவரையும் ஏமாற்றுவதில்லை. 1914ஆம் ஆண்டு லாங்லி ஊர்தியின் குற்றமும் மாற்றம் செய்தமையன்று; மாற்றத்தினை மறைத்தமையே. அவ்வூர்தி பின்னாளில் வர்ஜீனியா மாநிலத்து உத்வர்-ஹேசி மையத்தில் வைக்கப்பெற்றது. லாங்லியின் உண்மைப் பெருமைக்கு 1896ஆம் ஆண்டு ஆளில்லா ஊர்தியே போதும். இல்லாத வெற்றியினை ஏற்றிக் கூறியதனால் அவர்தம் உள்ள வெற்றியும் நெடுநாள் பேசப்படாது போயிற்று. நண்பர் செய்த பொய்ப்புகழ் பகைவர் செய்யும் பழியினும் கேடு பயத்தலை இதனாற் காண்கின்றோம்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றாற் பெறப்படுவன மூன்று. காட்சிப் பொருள் தானே பேசுவதன்று. அதன் ஆவணமே அதனைப் பேசச் செய்கின்றது என்பது ஒன்று. விளக்கப் பலகையும் காலமும் சார்பும் உடைய ஓர் ஆவணமே. எழுதியவர், எழுதிய காலம், எழுதிய நோக்கம் அறிந்தே அதனைக் கொள்ளுதல் வேண்டும் என்பது மற்றொன்று. பிழையான ஆவணத்தினைத் திருத்தவல்லது பிறிதோர் ஆவணமே; எனவே செப்பஞ்செய்த குறிப்புகளும் கடிதக் கோப்புகளும் பொருளோடு ஒப்பக் காக்கத்தக்கன என்பது பிறிதொன்று.

காட்சியகங்களைப் பொறுத்தவரை நம் நாட்டிலும் பொருள்களைக் காக்கும் ஆர்வம் வளர்ந்துள்ளது. பொருள் எங்ஙனம் வந்தது, யார் தந்தனர், எவ்வுறுப்பு எப்பொழுது மாற்றப்பட்டது என்னும் குறிப்புகளைக் காக்கும் ஆர்வமும் அதற்கு ஈடாக வளர்தல் வேண்டும். பழைய பலகை ஒன்றனை மாற்றுங்கால் அதனை எறிந்துவிடாது, நாளிட்டுக் கோப்பிற் சேர்த்து வைப்பாராயின், அதுவே பின்னோர்க்கு ஒரு கல்வெட்டாகும். 1918ஆம் ஆண்டுப் பலகையின் சொற்கள் எழுத்தில் எஞ்சியிருந்தமையாலன்றோ அது பிழை என்று நிறுவ இயன்றது! தமிழ் மாணவர், சுவடி ஆராய்ச்சியிற் பெற்ற பயிற்சியினைக் காட்சியகக் கோப்புகளின்மீதும் செலுத்துவாராயின், அறிவியல் வரலாறு அவர்க்கு அயலான துறையாகாது. ஏட்டினைப் படித்த கண்ணே பலகையினையும் படிக்கவல்லது.